அய்யம்மாள் கையிலிருந்த தக்கை

குழாயடியில் நான் சண்டை போடாத ஒரே ஆள் அய்யம்மாள் அக்காதான். மற்ற எல்லாரிடமும் போட்டிருக்கிறேன். அந்த வருஷங்களில் திண்டுக்கல்லில் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது புரியும். புரியாதவர்கள் என்னை வாயாடி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை, எந்த நேரம் என்று சொல்லாமல் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு ஆள் நகர்ந்தால், பின்னால் நிற்கிறவள் குடத்தைக் காலால் தள்ளிவிடுவாள். அவசரமாகப் போக வேண்டுமென்றால் வரிசையில் நிற்கும் இன்னொருத்தி நம் குடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். அது எங்கள் குழாயடிச் சட்டம். அய்யம்மாள் பொறுப்பேற்ற குடத்தை யாரும் தள்ளியதில்லை.

எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியது. புருஷன் காய்ச்சலில் போனான். பிள்ளை கிடையாது. ஐம்பத்தொன்றாம் வருஷம் ஒரு துணி மூட்டையோடு டவுனுக்கு வந்து, தோல் வியாபாரி அப்துல் வாஹித் பாய் வீட்டில் தண்ணீர் சுமக்கச் சேர்ந்தாள். அந்த வீட்டுக் கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு. அவள் சேர்ந்த மாதமே பாயின் மனைவி நசீம் பானு அம்மாவுக்கு ஆரிபா பிறந்தாள். பிள்ளைப்பேற்றில் உடம்பு கெட்டு அம்மா மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். குழந்தை தண்ணீர்க்காரியின் இடுப்புக்கு வந்தது, அப்புறம் இறங்கவே இல்லை.

பின்கட்டில் ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ரம்ஜானுக்கு ஒரு சின்னாளப்பட்டிச் சேலை. அய்யம்மாளுக்கு உலகத்தில் இருந்த இடம் அந்த வீடு மட்டும்தான். அதை அவளே சொல்வாள். "எங்கண்ணன் வீட்டுல எனக்கு விரிக்கப் பாய் கிடையாது ராணி. இங்கன எனக்குன்னு ஒரு கதவு இருக்கு" என்பாள்.

ஆரிபாவுக்கு ஏழு வயதானபோது பாய் மெட்ராஸிலிருந்து இரண்டு தங்கமீன்களைப் பானையில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். வழியெல்லாம் பானையை மடியிலிருந்து இறக்கவில்லையாம். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்திய தொட்டியும் வந்தது. பெரிய மீனுக்குப் பெரியவர், சின்னதுக்குச் சின்னவர் என்று பெயர் வைத்தாள் அந்தக் குழந்தை. "பெரியவரு இன்னிக்கி ஒழுங்காச் சாப்பிடலை" என்று அய்யம்மாள் குழாயடியில் கவலைப்படுவாள். யாரோ மாமனாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். நாங்கள் சிரிப்போம்.

அறுபதாம் வருஷம் மாசி மாதம் ஆரிபா விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள். பத்து வயது முடியவில்லை. பதினாறு நாள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். பெற்றவள் ஒருத்தி, அய்யம்மாள் ஒருத்தி.

அதற்கப்புறம் நசீம் பானு அம்மா யாரோடும் பேசவில்லை. காலையில் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மதியத் தொழுகைக்குத்தான் எழுந்திருப்பார். பக்கத்தில் தரையில் அய்யம்மாள் உட்கார்ந்திருப்பாள். அந்த இரண்டு மீனும் ஆரிபாவின் கையால் தின்ற மீன். அவை உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த இரண்டு பெண்களுக்கும் வேண்டியிருந்தது.

ஆனால் மீன் சும்மா இருக்குமா? தொட்டித் தண்ணீர் நாலு நாளில் நாறும். வாரம் இரண்டு தடவை நல்ல தண்ணீர் மாற்ற வேண்டும். மனிதர் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் மீனுக்கு எட்டுக் குடம். அய்யம்மாள் முனகாமல் சுமந்தாள். அவள் இடுப்பு வளைவதைப் பார்க்கப் பொறுக்காமல் நசீம் பானு அம்மாதான் பாயிடம் ஏதாவது வழி பார்க்கச் சொன்னார். அப்படித்தான் என் வீட்டுக்காரர் பாஸ்கல் அந்த வீட்டுக்குள் போனார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் காயில் கட்டுவார், கிணற்றுக்குப் பம்பு செட் மாட்டுவார். ஒட்டன்சத்திரம் வரைக்கும் அவர் கைபட்ட பம்புகள் ஓடின. நல்ல வேலைக்காரர். ஒரே குறை, 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. மெட்ராஸில் ஒரு வீட்டில் மீன் தொட்டித் தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்களாம், உன்னால் முடியுமா என்று பாய் கேட்டார். "அது என்ன பெரிய வேலை பாய்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்று முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

கடைசியில் செய்துவிட்டார். மேலே கண்ணாடித் தொட்டி. கீழே, மரப் பெட்டிக்குள் மறைவாக ஒரு தகரத் தொட்டி, அதில் கரியும் மணலும். மீன் கழிவு அடியில்தான் தங்கும் என்று கண்ணாடித் தொட்டியின் அடியில் துளை போட்டார். அழுக்குத் தண்ணீர் அந்த வழியாகக் கீழே இறங்கிக் கரியில் வடிந்து தெளியும். தெளிந்ததை, பழைய மேஜை விசிறி மோட்டாரில் அவர் செய்த குட்டிப் பம்பு மறுபடி மேலே ஏற்றும்.

சொல்ல எளிது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே அளவில் இருக்க வேண்டுமே! கிணற்றடியில் பம்பு மாட்டுகிறவருக்குத் தண்ணீர் எவ்வளவு பருமனாகக் கொட்டுகிறது என்பதில்தான் பெருமை. வால்வைக் குறைத்து வைப்பதை அவர் அவமானமாக நினைப்பவர். முதல் நாள் பம்பு அள்ளிக் கொட்டியதில் பாயின் ஜமக்காளம் நனைந்தது. மறுநாள் வால்வை அளவுக்கு மீறித் திருகியதில் மேல்தொட்டி வற்றியது. கைக்கடிகாரமும் செம்புமாகப் பத்து நாள் உட்கார்ந்தார். நிமிஷத்துக்கு ஏழு செம்பு இறங்கினால் ஏழு செம்பு ஏற வேண்டும். கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். பதினோராவது நாள் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, கோடு நகரவில்லை. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பாயைப் பார்க்க வருகிற வியாபாரிகளெல்லாம் தொட்டியையும் பார்த்தார்கள். பாய் என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. கரண்டு நின்றால் பம்பு நிற்கும், துளை நிற்காது.

அது அய்யம்மாளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது கரண்டு போனது. தொட்டித் தண்ணீர் பாதிக்கு இறங்கிவிட்டதைப் பார்த்தவள், சேலையோடு கையை உள்ளே விட்டு உள்ளங்கையால் துளையை அடைத்துக்கொண்டு நின்றாள். கரண்டு வர ஒரு மணி நேரம் ஆனது. கையை எடுக்கவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

அவருக்கு முகம் செத்துவிட்டது. செய்ய வேண்டியது என்ன என்பது சொன்ன நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. துளைக்கு மேல் தொட்டிக்குள்ளேயே ஒரு குழாயை நிமிர்த்தி வைத்து, அதன் வாய்க்கு மேலே வரும் தண்ணீர் மட்டும் இறங்கும்படி செய்தால் போதும். பம்பு நின்றாலும் தண்ணீர் அந்த வாய்மட்டத்தோடு நின்றுவிடும். ஆனால் அதற்குத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், அடியைப் பிரித்து மறுபடி பூச வேண்டும். அதைவிட, தோளைத் தட்டிய பாயிடம் போய் "நான் செய்தது தப்பு" என்று சொல்ல வேண்டும்.

அவர் ஒரு தக்கையைச் செதுக்கி, சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி அய்யம்மாளிடம் கொடுத்தார். "கரண்டு போனா இதை வச்சு அடைங்கக்கா. வந்ததும் பிடுங்கிருங்க. பிடுங்காம விட்டா மேல வழிஞ்சிரும். இது நமக்குள்ள இருக்கட்டும். ரம்ஜான் போகட்டும், பிரிச்சுச் சரி பண்ணிர்றேன்."

ரம்ஜான் போனது, பக்ரீத்தும் போனது. அவர் பிரிக்கவில்லை. அய்யம்மாள் தக்கையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். எங்கே இருந்தாலும் கரண்டு போனால் ஓடுவாள். பின்கட்டில் தூங்கும்போது மோட்டாரின் முனகல் நின்றால் விழித்துக்கொள்வாளாம். எட்டு மாதம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். "எட்டு மாசமா உங்க பம்பை ஓட்டுறது அவங்கதான்னு சொல்லுங்க" என்று நான் கேலி செய்தேன். கேலியோடு விட்டுவிட்டேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம் சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்குக் கரண்டு போனது. அய்யம்மாள் துளையை அடைத்தாள். பன்னிரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டும் ஒன்றாக நேர்ந்தது அன்றுதான். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார், நசீம் பானு அம்மா தலைவலியோடு மாடியில் படுத்திருந்தார். காலையில் போன கரண்டு இரண்டு மணிக்கு முன்னால் வந்ததில்லை என்ற தைரியத்தில் அய்யம்மாள் இரண்டு குடத்தோடு ஓடி வந்தாள்.

நான் அவளுக்கு முன்னால் நின்றிருந்தேன். வீட்டில் தூங்கவைத்துவிட்டு வந்த கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, எங்குடத்தைப் பாத்துக்க. செத்த நேரத்துல வாரேன்" என்றேன்.

"போயிட்டுச் சுருக்கா வா ராணி. எனக்குச் சோலி இருக்கு" என்றாள்.

போனேன். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது. நான் திரும்பியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன கதையைச் சொன்னார்கள். வாசலில் நின்று கேட்டேன். மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி ஏதோ சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். அந்த அரை மணி நேரத்தை இன்றைக்கு யாராவது திருப்பிக் கொடுத்தால் என்ன கேட்டாலும் கொடுப்பேன்.

தெருக்கோடி மாவு மில் ஓடத் தொடங்கிய சத்தம் எனக்கும் கேட்டது. கரண்டு வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழாயடியில் இருந்த அய்யம்மாளுக்குத் தோன்றியது. "யாராச்சும் ராணி குடத்தைப் பாத்துக்கங்கடி, நான் போகணும்" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாளாம். யாரும் ஏற்கவில்லை. எல்லாரிடமும் நான் சண்டை போட்டிருந்தேனே. "அவ குடம் கெடந்தாக் கெடக்குது, நீ போ" என்றார்களாம். வாக்குக் கொடுத்துவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, அப்போதுதான் நிறைந்த என் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அவளுடைய இரண்டு குடமும் காலியாகக் கிடந்தன.

அவள் ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் ஓடினேன்.

கூடமெல்லாம் தண்ணீர். கீழ்த்தொட்டி காய்ந்து, மோட்டார் கருகிய நாற்றம் அடித்தது. தண்ணீர் கொட்டுகிற இடத்துக்கு வந்து நிற்பது பெரியவரின் வழக்கம். வழிந்த தண்ணீர் அவரைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிட்டது. நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் கிடந்தார். அய்யம்மாள் எடுத்து மறுபடி தண்ணீரில் விட்டாள். மல்லாந்து மிதந்தார். சின்னவர் மட்டும் அடியில் ஒதுங்கியிருந்தார். நசீம் பானு அம்மா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கி வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பாய் பள்ளிவாசலிலிருந்து வந்தார். என் வீட்டுக்காரருக்கு ஆள் போய், அவரும் வந்துவிட்டார். பாய் துளையில் இருந்த தக்கையைக் கண்ணாடி வழியாகக் காட்டிக் கேட்டார்.

"யாரு இதை அடைச்சது?"

"நான்தான் ஐயா" என்றாள் அய்யம்மாள்.

"எதுக்கு? ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்கு அடைச்சே?"

அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அவருக்கு உதடு அசைந்தது. நான் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

ஏன் அழுத்தினேன் என்று சொல்லிவிடுகிறேன். பாயின் தோல் ஷாப்பில், தோல் பதனிடும் தொட்டிகளுக்கு ஆறு பம்பு இருந்தது. அந்த வேலையை நிரந்தரமாக அவருக்குக் கொடுப்பதாக அடுத்த மாதத்துக்குச் சொல்லியிருந்தார். என் வயிற்றில் மூன்றாவது பிள்ளை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"தெரியாம அடைச்சிட்டேன் ஐயா" என்றாள் அய்யம்மாள். என்னிடம் மாட்டிக்கொண்டுதான் நேரமாகிவிட்டது என்பதையும் சொல்லவில்லை.

நசீம் பானு அம்மா இறங்கி வந்தார். மிதந்த மீனை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டார். "அவ கையால சோறு போட்ட மீனு. உனக்குத் தெரியாதா? எங்கண்ணு முன்னால நிக்காதே. போயிரு" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அய்யம்மாள் காலில் விழுந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம் எரியோட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் இருந்த அறையிலிருந்து ஒரு மூட்டைதான் எடுத்துக்கொண்டாளாம்.

அன்றே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். "அவங்களே ஒண்ணும் சொல்லலை. நீங்க ஏன் இழுத்துப் போட்டுக்கிறீங்க?" என்று நான்தான் தடுத்தேன்.

மோட்டாரை மாற்றும்போதே தொட்டியைப் பிரித்து நிமிர்ந்த குழாய் வைத்தார். ஒன்று அடைத்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாகவே வைத்தார். ஆறு நாள் வேலை. தோல் ஷாப் வேலை கிடைத்தது. பிள்ளை பிறந்தான். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். ஆனால் அவர் பேச்சுக் குறைந்துவிட்டது. யாராவது அந்தத் தொட்டியைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். இரண்டு வருஷம் கழித்து, தவக்காலத்தில் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர், வீட்டுக்குள் நுழையாமல் நேரே பாய் வீட்டுக்குப் போனார். செபம் சொன்னால் போதாது, போய் உண்மையைச் சொல் என்று சாமியார் சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கும் தெம்பில்லை. பின்னாலேயே போனேன்.

நசீம் பானு அம்மா எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. என்னைப் பார்த்து, "காரை அனுப்புறேன். நீயே போய்க் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

அய்யம்மாள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் பத்து வருஷம் மூத்திருந்தாள். அடையாளம் கண்டுகொண்டு, "வா ராணி. மூணாவது என்ன புள்ள?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் அழுதேன். அன்று என் வீட்டுக்காரர் கையை நான் பிடித்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

"கையைப் பிடிச்சதைத்தான் நான் பாத்தேனே" என்றாள்.

"அப்புறம் ஏங்க்கா சொல்லலை?"

"உம் புருசனுக்கு வேலை போயிரும். எனக்கு நான் ஒருத்திதான. நீ வயித்துப்புள்ளக்காரி." கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. "சின்னவரு இருக்காரா?"

"இருக்காரு."

"கரண்டு போனா யாரு அடைக்கிறா?"

"இப்ப அடைக்கவே வேண்டாங்க்கா. உள்ள ரெண்டு குழாய் நிப்பாட்டி வச்சிருக்காரு. பம்பு நின்னாலும் தண்ணி அந்த மட்டத்துலயே நின்னுரும்."

கை நின்றது.

"அதைச் செய்ய எம்புட்டு நாளாச்சு?"

"ஆறு நாள்."

"ஆறு நாள்தானா?" என்றாள்.

அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா கார் அனுப்பியிருப்பதைச் சொல்லிக் கூப்பிட்டேன், கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டாள். "அந்தம்மா போன்னு சொன்னதும் போய்ட்டேன். வான்னு சொன்னதும் வந்துர்றதுக்கு எனக்கு மனசு வரலை தாயி. அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்லை, சொல்லிரு" என்றாள்.

கார் திரும்பியபோது நசீம் பானு அம்மா வாசல் கேட்டுக்கே வந்து நின்றிருந்தார். பின்சீட்டைக் குனிந்து பார்த்தார். நான் மட்டும் இறங்கினேன்.

"நீ சொன்னியா, தப்பு உங்க மேலதான்னு?"

"சொன்னேம்மா. அவங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாம இருந்திருக்கு" என்றார். கேட்டைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருசமா அவளை வெறுத்துக்கிட்டே தொழுதேன், சகாயராணி. எம் புள்ளை கடைசியா அம்மான்னு கூப்பிட்டது என்னையா அவளையான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. அப்பிடிப்பட்டவளை எம் வாயாலயே போகச் சொல்ல வச்சிட்டீங்களே."

டிரைவர் காரைக் கொட்டகைக்கு ஓட்டிப் போனார், அம்மா உள்ளே போய்விட்டார். அந்த வாசலில் செருப்புப் போட்டு நடக்க எனக்குக் கூசியது, கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.